புதிய பிளாக்: வருமானம் தரும் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டது இது: புதிதாக ஒரு பிளாக் (வலைப்பதிவு) தொடங்க வேண்டும், அதில் வருமானமும் வர வேண்டும், எந்தத் தலைப்பை எடுப்பது? நிதி, உடல்நலம், தொழில்நுட்பம் என்று மூன்றைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். இந்த மூன்றில்தான் பணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் மூன்றிலுமே உங்களுக்குப் பெரிய பழக்கம் இல்லை. கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: ‘ஏழு வருஷமாக வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறேன், ஆனால் அதற்கெல்லாம் யார் காசு கொடுக்கப் போகிறார்கள்.’ நான் அந்தக் கடைசி வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த மூன்று தலைப்புகள். அவற்றில் பணம் இருப்பது உண்மைதான். ஒருவர் காப்பீடு எடுத்தாலோ கடன் வாங்கினாலோ, நிறுவனத்துக்கு அவரால் பல வருடங்களுக்கு வரவு. அதனால் அப்படி ஒரு ஆளைக் கொண்டுவரும் ஒரே ஒரு கிளிக்குக்கு விளம்பரதாரர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள். கவிதைப் பக்கத்தில் வரும் விளம்பரத்துக்கு அந்த விலை கிடைக்காது. ‘அதிக வருமானம் தரும் பத்துத் தலைப்புகள்’ என்று சுற்றிவரும் பட்டியல்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. அந்தப் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் அவை சொல்வதில்லை.

கூகுள் தன் தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்துச் சொல்ல ஆட்களை வைத்திருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் ‘உங்கள் பணம் அல்லது உங்கள் வாழ்க்கை’ என்று ஒரு வகை உண்டு. ஒருவருடைய பணத்தையோ உடல்நலத்தையோ பாதிக்கக்கூடிய பக்கங்கள் எல்லாம் அந்த வகை. எழுதியவர் யார், அவருக்கு என்ன தகுதி, மற்றவர்கள் அவரை நம்புகிறார்களா என்று அங்கே மிகக் கறாராகப் பார்க்கச் சொல்கிறார்கள். 2018 ஆகஸ்டில் தேடல் முறையில் ஒரு பெரிய மாற்றம் வந்தபோது உடல்நலம், நிதி சார்ந்த தளங்கள்தான் அதிகம் ஆட்டம் கண்டன. 2022 டிசம்பரில் அந்தக் கையேட்டில் ‘அனுபவம்’ என்ற அளவுகோலையும் சேர்த்தார்கள். எழுதுபவர் அந்தப் பொருளைக் கையால் தொட்டவரா, அந்த இடத்துக்குப் போனவரா, அந்தக் கஷ்டத்தைப் பட்டவரா என்பதும் கணக்கில் வரும் என்று பொருள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நிதியில் பழக்கம் இல்லாத ஒருவர் நிதியைப் பற்றி எழுதினால், வங்கிகளும் பெரிய பத்திரிகைகளும் நிற்கும் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நிற்கிறார்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் தளம் காப்பீட்டைப் பற்றியது. எனக்குக் காப்பீட்டில் எந்த வேலை அனுபவமும் கிடையாது. அதில் கிளிக்குக்கு நிறையக் கிடைக்கும் என்று படித்திருந்தேன், அவ்வளவுதான். பதினான்கு மாதங்களில் எண்பது கட்டுரைகள் எழுதினேன். ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஐந்து இடங்களில் இருந்ததைப் படித்து, என் சொற்களில் திருப்பி எழுதியது. பொய் எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்த எண்பதும் இல்லாமல் போயிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் ஒரு தகவலும் குறைந்திருக்காது. வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. அந்தப் பதினான்கு மாதங்களை இன்றுவரை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஏரெஃப்ஸ் என்ற தேடல் ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, அவர்கள் பார்த்த இணையப் பக்கங்களில் 96 சதவீதத்துக்கு மேல் கூகுளிலிருந்து ஒரு வருகைகூடப் பெறுவதில்லை. என் எண்பதும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தன.

சரி, நிதியில் யாருமே ஜெயிக்கவில்லையா என்றால், ஜெயித்தவர்கள் உண்டு. நெர்ட்வாலட் என்ற தளம் 2009இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய டிம் சென்னிடம் அவருடைய சகோதரி ஒரு கிரெடிட் கார்டு சிபாரிசு கேட்டார். தேடிப் பார்த்தால் தெளிவான பதில் எங்கும் இல்லை. அவரே கார்டுகளை ஒப்பிட்டு ஒரு விரிதாள் தயாரித்தார். அதிலிருந்துதான் தளம் வந்தது. 2021இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. இந்தக் கதையில் நான் பார்ப்பது அந்தச் சகோதரியை. ‘தனிநபர் நிதி’ என்ற தலைப்பு அவர் மனதில் இருந்ததா? இல்லை. எந்தக் கார்டை எடுப்பது என்று ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. தப்பாக எடுத்தால் காசு நஷ்டம். கேட்க ஆள் வேண்டும்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். தலைப்பைத் தேடுவதற்கு முன், ஒரு முடிவுக்கு முன்னால் திணறி நிற்கிற ஆளைத் தேடுங்கள். அந்த முடிவில் அவருடைய பணமோ நேரமோ மாட்டியிருக்க வேண்டும். அவர் கேட்பதற்கு உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேரும் இடம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அங்கே தொடங்கலாம். இதைத்தான் பிளாக் எழுதுகிறவர்கள் ‘நிஷ்’ என்கிறார்கள். தலைப்பைச் சுருக்கிச் சுருக்கிக் கொண்டே போனால் அது கிடைத்துவிடும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அப்படிக் கிடைத்ததில்லை. ஆளைப் பிடித்த பிறகு தலைப்பு தானாகவே சுருங்கியது.

என் இரண்டாவது தளத்தைச் சொல்கிறேன். காப்பீட்டுத் தளம் படுத்த பிறகு, எனக்கு என்னதான் தெரியும் என்று யோசித்தபோது மிஞ்சியது ஒன்றே ஒன்று: தையல் இயந்திரம் பழுது பார்ப்பது. பல வருடம் அந்த வேலை செய்திருக்கிறேன். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே புகாரோடு வருவார்கள். துணிக்கு அடியில் நூல் பந்து பந்தாகச் சிக்குகிறது, பாபின் (அடிநூல் சுற்றும் உருளை) கெட்டுவிட்டது, புதிது போட வேண்டும். சிக்கல் கீழே தெரிவதால் கோளாறும் கீழே என்று நினைப்பார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை இறக்கி வைத்துவிட்டு நூல் கோத்திருப்பார்கள். பாதம் கீழே இருந்தால், மேல்நூலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகிக்கொள்ளும். நூல் அவற்றுக்கு நடுவே உட்காராமல் மேலாக ஓடிவிடும். பிடிமானம் இல்லாத மேல்நூல் முழுவதும் கீழே போய்க் குவியும். பாதத்தைத் தூக்கி, நூலை முழுக்க உருவிவிட்டு, மறுபடி கோத்தால் சரியாகிவிடும். அரை நிமிட வேலை.

இதை ஒரு கட்டுரையாக எழுதி, பாதம் மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் நூல் எங்கே உட்காருகிறது என்று நெருக்கமாக இரண்டு படங்கள் எடுத்துப் போட்டேன். அந்த எண்பது காப்பீட்டுக் கட்டுரைகளும் சேர்ந்து கொண்டுவராத ஆட்களை அந்த ஒன்று கொண்டுவந்தது. இரண்டு மூன்று மாதம் கழித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. நிறையப் பேர் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தார்கள். விற்பவர் நன்றாக ஓடுகிறது என்கிறார், போய் எதைப் பார்ப்பது? அதுதான் பணம் இருந்த இடம். நூல் சிக்கியவருக்கு உதவி தேவை, ஆனால் அவர் எதையும் வாங்கப் போவதில்லை. பழைய இயந்திரம் வாங்கப் போகிறவர் ஒரு நல்ல தொகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தோடு. அவருக்காக, வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய இருபத்திரண்டு இடங்களைப் படத்தோடு ஒரு சிறிய கையேடாகத் தயாரித்து விற்றேன். அந்தத் தளத்தின் வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது. இலவசக் கட்டுரை ஆளைக் கூட்டி வந்தது, வாங்கும் முடிவு பணத்தைக் கொண்டுவந்தது. உங்கள் தலைப்பில் இந்த இரண்டுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘பிடித்ததை எழுதலாமா, பணம் வருவதை எழுதலாமா’ என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடந்த ஒரு வருடத்தில் யாருக்காவது நீங்கள் நீளமாக அடித்து அனுப்பிய பதில்களைத் தேடுங்கள். நாலு வரிக்கு மேல் போனவை. ‘அதை வாங்காதே, இதை வாங்கு, ஏன்னா...’ என்று தொடங்குபவை. எதற்காக ஆட்கள் உங்களிடம் வருகிறார்கள் என்பது அங்கே எழுதிக் கிடக்கும். நாம் நம்மைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதைவிட அந்தப் பதில்கள் நம்பகமானவை. சிலருக்கு அது குழந்தை தூங்க மறுப்பதைப் பற்றி இருக்கும், சிலருக்கு எக்செல் ஃபார்முலாக்கள், சிலருக்கு நாய்க்கு நகம் வெட்டுவது. பிடித்த விஷயம் என்பது வேறு. எனக்கு வானியல் மிகவும் பிடிக்கும், ஆனால் ஒருவரும் என்னிடம் வானியல் கேட்டதில்லை. கேட்டாலும் படித்ததைத்தான் ஒப்பிப்பேன்.

இனி பணம் எந்த வழிகளில் வருகிறது என்று பார்ப்போம். வழி மாறினால் தலைப்பின் மதிப்பும் மாறிவிடும்.

விளம்பரம் எல்லாருக்கும் தெரிந்த வழி. தளங்களில் விளம்பரம் போட்டுத் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2003இல் தொடங்கியது. மொத்தத்தில் விளம்பரதாரர் கொடுப்பதில் சுமார் 68 சதவீதம் தளம் நடத்துபவருக்கு வரும். முன்பு பெரும்பாலும் கிளிக்குக்குப் பணம் கொடுத்தார்கள். 2024 தொடக்கத்திலிருந்து விளம்பரம் எத்தனை முறை காட்டப்படுகிறது என்பதை வைத்துக் கொடுக்கிறார்கள். வருடத்தின் கடைசி மூன்று மாதங்களில் விலை ஏறும், ஜனவரியில் சரியும். விளம்பரத்தை மட்டும் நம்பினால் கூட்டம் வேண்டும், பெரிய கூட்டம். ஆட்சென்ஸைவிட நல்ல விலை வாங்கித் தரும் மீடியாவைன் போன்ற நிறுவனங்கள் பல காலம் மாதத்துக்கு 50,000 வருகைகள் இருந்தால்தான் சேர்த்துக்கொண்டன. சின்னத் தலைப்பு எடுப்பவர்கள் விளம்பரத்தை மேல்வரும்படியாக வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது அஃபிலியேட். நீங்கள் சொல்லி ஒருவர் பொருள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன். அமேசான் இதை 1996இலேயே தொடங்கிவிட்டது. உங்கள் இணைப்பைத் தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்டால்தான் கணக்கில் வரும். ‘அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் வாங்கலாம்’ என்று யோசிக்க வைக்கும் பொருள்களுக்கு இது கையைக் கடிக்கும். இன்னொரு ஆபத்து, கமிஷன் விகிதத்தை முடிவு செய்வது அவர்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்கத் திட்டத்தில் வீட்டுச் சாமான், தோட்டப் பொருள்கள், செல்லப்பிராணிப் பொருள்கள் ஆகியவற்றுக்கு 8 சதவீதமாக இருந்த கமிஷனை 3 ஆக்கினார்கள். அதையே முழுக்க நம்பியிருந்த தளங்களுக்கு ஒரே இரவில் வருமானம் பாதிக்கும் கீழே போனது. செல்லப்பிராணிப் பொருள்களும் அந்தப் பட்டியலில் இருந்ததை நினைவில் வையுங்கள், உங்கள் மீன் தொட்டிக்கு வரும்போது தேவைப்படும்.

மூன்றாவது, உங்களுடைய சொந்தப் பொருள்: கையேடு, வகுப்பு, ஆலோசனை, அட்டவணை, எதுவாகவும் இருக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானே கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஆயிரம் பேர் ஒரு கட்டுரையைப் படிக்கிறார்கள். நூறு பேர் இணைப்பைத் தொடுகிறார்கள், ஐந்து பேர் 40 டாலர் பொருளை வாங்குகிறார்கள். 3 சதவீதக் கமிஷனில் உங்களுக்கு வருவது 6 டாலர். அதே ஆயிரம் பேரில் மூன்றே மூன்று பேர் உங்கள் 10 டாலர் கையேட்டை வாங்கினால் 30 டாலர். தலைப்பு அதே, கட்டுரை அதே, கூட்டமும் அதே. ‘இந்தத் தலைப்பில் பணம் இல்லை’ என்று சொல்பவர்களிடம் எந்த வழியில் முயன்றீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் விளம்பரத்தோடு நிறுத்தியிருப்பார்கள்.

ஆகவே ஒரு தலைப்பை எடைபோடும்போது, இந்த ஆள் இதற்காக ஏற்கெனவே எங்கே பணம் செலவழிக்கிறார் என்று பாருங்கள். திரும்பத் திரும்ப வாங்குகிறாரா, ஒரு முறையா? தப்பானதை வாங்கினால் எவ்வளவு நஷ்டம்? இதற்கு வகுப்புகள் நடக்கின்றனவா, யாராவது கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்கிறார்களா? ஏற்கெனவே நாலு பேர் விற்றுக்கொண்டிருப்பது நல்ல அறிகுறி. யாருமே எதையும் விற்காத தலைப்பைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

தேவை எவ்வளவு, அதாவது எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்க்கக் கூகுளின் கீவேர்டு பிளானர் என்ற கருவி இலவசம். அதில் புதியவர்கள் ஒரு இடத்தில் தவறாமல் சறுக்குகிறார்கள். ‘போட்டி’ என்று ஒரு பத்தி இருக்கும். குறைவு என்று போட்டிருந்தால் சுலபமாக முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அது விளம்பரதாரர்களுக்கு இடையே நடக்கும் போட்டி. உங்களோடு மோதப் போகும் கட்டுரைகளைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. நமக்கு அதில் பயன்படுவது, பக்கத்தின் மேல் இடத்துக்கு விளம்பரதாரர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற பத்தி. அந்த விலை சுத்தமாக இல்லாவிட்டால், அந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் விற்பதற்கு யாரிடமும் எதுவும் இல்லை என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். ஒரு சொல்லுக்கான தேடல் காலப்போக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸிலும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு. அங்கே வரும் 100 என்பது நூறு தேடல்கள் என்று பொருள் தராது. அந்தக் காலகட்டத்தில் அந்தச் சொல் தொட்ட உச்சம் 100, மற்றவை அதோடு ஒப்பிட்டவை. அதை ஐந்து வருடக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2017இல் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் என்ற சுழலும் பொம்மை எல்லார் கையிலும் இருந்தது. அந்தப் பெயரில் தளம் தொடங்கியவர்கள் கட்டுரைகளை எழுதி முடிப்பதற்குள் அலை அடங்கிவிட்டது. சில மாதங்கள்தான் ஆட்டம். இன்றைக்குத் தொடங்கும் தளம் தேடலில் தலைகாட்டவே பல மாதங்கள் ஆகும். அதற்குள் வாடிப்போகும் தலைப்பு எதற்கும் உதவாது.

ஆனால் இந்தக் கருவிகளைவிட நான் அதிகம் நம்புவது ஒரு நோட்டையும் பேனாவையும். நீங்கள் எடுத்த ஆள் கேட்கக்கூடிய கேள்விகளை, அவர் வார்த்தைகளிலேயே, நாற்பது எழுதுங்கள். முதல் பதினைந்து வேகமாக வரும். அதற்குப் பிறகுதான் தெரியும் உங்களுக்கு அந்த விஷயம் எவ்வளவு ஆழமாகத் தெரியும் என்று. இருபதில் நின்றுவிட்டால், அந்த அளவுக்குத்தான் உங்கள் சரக்கு. வேறு ஆளைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியும் பேனா ஓடினால் நல்லது. பிறகு அந்த நாற்பதையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள், முதல் பக்கத்தில் வருவதை முழுக்கப் படியுங்கள். ஒரு நாள் வேலை, ஆனால் இதைவிட உருப்படியான நாள் வேறு கிடையாது. முன்பெல்லாம் முதல் பக்கத்தில் கேள்வி பதில் தளங்கள் வந்தால் ‘ஆள் இல்லாத களம்’ என்று சொல்லிவிடலாம். 2023க்குப் பிறகு ரெட்டிட் மாதிரித் தளங்களைக் கூகுள் மிக உயரத்தில் காட்டுவதால் அப்படி முடிவு கட்ட முடியாது. அந்த உரையாடலுக்குள் போய்ப் பாருங்கள். கேட்டவர் கடைசியில் நன்றி சொல்லிவிட்டுப் போனாரா, இல்லை ஆளுக்கொன்று சொல்லி அவரைக் குழப்பிவிட்டார்களா? குழப்பம் மிஞ்சியிருக்கும் கேள்விகள் உங்களுக்கானவை.

அப்புறம், ஏஐ. 2024 மே மாதத்திலிருந்து கூகுள், பல தேடல்களுக்கு முடிவுகளின் உச்சியிலேயே தானாகத் தயாரித்த பதிலை வைத்துவிடுகிறது. ‘இது என்றால் என்ன’, ‘எத்தனை டிகிரி’, ‘எத்தனை நாள்’ வகைக் கேள்விகளுக்குப் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுகிறார். உங்கள் பக்கத்துக்கு வருவதில்லை. நாற்பது கேள்விகளையும் ஒரு ஏஐயிடம் கேளுங்கள். அதன் பதில் உங்களுக்கே திருப்தியாக இருந்தால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். பதிலைப் படித்து, ‘இல்லையே, நடைமுறையில் இப்படி நடக்காதே’ என்று உங்களுக்குத் தோன்றும் கேள்விகளைச் சுழித்து வையுங்கள். என் கணக்கில், பத்துப் பன்னிரண்டு கேள்விகளாவது சுழிக்கப்பட்டால்தான் அந்தத் தலைப்பு இன்றைக்குத் தேறும்.

எழுதும் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒயர்கட்டர் என்ற தளத்தை பிரையன் லாம் 2011இல் தொடங்கியபோது, மற்ற கருவி விமர்சனத் தளங்கள் தினமும் செய்திகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. இவர்கள் குறைவாக, நாட்கணக்கில் சோதித்துப் பார்த்து, ‘இதை வாங்குங்கள்’ என்று ஒன்றைக் கை காட்டினார்கள். 2016இல் நியூயார்க் டைம்ஸ் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது. முடிவெடுக்கத் தெரியாமல் நிற்பவருக்கு இருபது பொருளின் பட்டியல் எதற்கு, ஒரு பதில் போதும்.

இப்போது உங்கள் மீன் தொட்டி.

ஏழு வருடம் தொட்டி வைத்திருப்பவருக்கு, முதல் தொட்டி வாங்கியவர் எங்கே அடி வாங்குவார் என்று தெரியும். ஆசையாகத் தொட்டி வாங்கி, அன்றே மீனும் வாங்கி விட்டிருப்பார். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் பால் மாதிரி கலங்கும். பயந்துபோய் முழுத் தண்ணீரையும் மாற்றி, ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிடுவார். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அப்போதுதான் ஃபில்டரில் குடியேறத் தொடங்கியிருக்கும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். அமோனியா ஏறும், மீன் சாகும், மறுபடி மீன் வாங்குவார், மறுபடி சாகும். அந்தப் பாக்டீரியாக் கூட்டம் நிலைகொள்ளப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்று கடையில் யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டாவது முறை மீன் செத்த அன்று இரவு அவர் இணையத்தில் தேடுகிறார். அவர்தான் உங்கள் ஆள்.

அவர் இதற்கு முன்பே செலவழித்துவிட்டார், இனியும் செலவழிக்கப் போகிறார்: தண்ணீர்ச் சோதனைத் திரவங்கள், குளோரின் நீக்கி, நல்ல ஃபில்டர், ஹீட்டர், பிறகு மாதாமாதம் உணவு. முதல் ஆறு வாரத்தைத் தாண்டியவர் பல வருடம் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பார். தாண்டாதவர் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார். அந்தத் தாண்டலுக்குக் கை கொடுப்பவரை அவர் லேசில் மறக்க மாட்டார். அதனால் ‘மீன் வளர்ப்பு’ என்று அகலமாக எடுக்காமல், முதல் தொட்டி, முதல் ஆறு வாரம் என்று தொடங்குங்கள். பிளாக்கின் பெயரை மட்டும் அவ்வளவு சுருக்க வேண்டாம். பின்னால் செடித் தொட்டி, பெரிய தொட்டி என்று விரிய இடம் இருக்கட்டும். எந்த பிராண்டின் பெயரும் அதில் வேண்டாம்.

இதில் நிதித் தலைப்பு அளவுக்கு விளம்பரப் பணம் வராது, அதைச் சொல்லிவிடுகிறேன். கமிஷனும் மேலே சொன்ன மாதிரி மெலிந்ததுதான். ஆகவே தொடக்கத்திலேயே சொந்தமாக ஒன்றை மனதில் வையுங்கள். ஆறு வாரத்துக்கு நாள்வாரியாக எதை அளக்க வேண்டும், எந்த எண் வந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு அட்டவணைக் கையேடு. அது ஓடினால், தொட்டியின் அளவைச் சொன்னால் எந்த மீன் எத்தனை விடலாம் என்று திட்டம் போட்டுத் தரும் கட்டண ஆலோசனை.

ஏஐ சோதனையிலும் இது தேறும். ‘அமோனியா என்றால் என்ன’ என்பதை நீங்கள் எழுத வேண்டாம். ‘நான்காவது வாரம், நைட்ரைட் இறங்கவே மாட்டேன் என்கிறது, கண்ணாடியில் பழுப்பாகப் படிகிறது, தண்ணீரை மாற்றவா விடவா’ என்று கேட்பவருக்குப் படத்தோடு, நாளோடு பதில் வேண்டும். அந்தப் பழுப்புப் படிவு புதுத் தொட்டிகளில் சகஜம், பெரும்பாலும் தானே போய்விடும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு அது போன தொட்டியைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

ஆகவே டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு சின்னத் தொட்டியைப் புதிதாக வையுங்கள். மீன் விடாதீர்கள், அமோனியாவை நீங்களே அளந்து ஊற்றி, மீனில்லாமல் பாக்டீரியாவை வளருங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், சோதனைக் குழாய்களின் நிறத்தைப் படம் எடுங்கள். பக்கத்தில் தேதியும் எண்ணும் எழுதிய காகிதம் இருக்கட்டும். தண்ணீர் கலங்கிய நாள், தெளிந்த நாள், நைட்ரைட் ஏறிய நாள், இறங்கிய நாள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். எதிர்பாராமல் ஏதாவது தப்பாகப் போனால் அதை மறைக்காமல் இன்னும் அதிகமாகப் படம் எடுங்கள். ஆறு வாரம் முடியும்போது நாற்பத்திரண்டு நாள் படங்களும் குறிப்புகளும் கையில் இருக்கும். உங்கள் முதல் கட்டுரை அது, கையேட்டின் முதல் வரைவும் அதுவே.